சுவரோரத்து இடம்

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. எனக்குக் கதை கட்ட வராது. பால் கறந்து, காய்ச்சி, பால்கட்டி செய்து விற்கிறவன் நான். பெயர் ஒட்டாவியோ. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதிலும் நான் எதையும் கலக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட இருந்தவர்களில் மூன்று பேர் ஊர் திரும்பினோம். மூவரும் ஒன்றைத்தான் சொல்வோம்.

நடந்தது 1943 நவம்பரில். நான்கே இரவுகள்.

அந்தச் செப்டம்பரில் எங்கள் அரசு போரிலிருந்து விலகியது. நேற்றுவரை பட்டாளத்தில் எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட ஜெர்மன்காரர்கள் மறுநாள் துப்பாக்கியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் எங்களை அடைத்து, போலந்தில் ஒரு கைதி முகாமில் கொண்டுபோய் இறக்கினார்கள். மணல். பிர்ச் மரங்கள். முள்கம்பி. அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

நானும் என் மனைவி எல்வீராவின் தம்பி சில்வானோவும் ஒன்றாகவே பிடிபட்டோம். ரயிலில் ஏறும்போதே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தேன். திரும்பிப் போவதென்றால் இரண்டு பேராகத்தான் போவது. எல்வீராவுக்கு அப்பா எப்போதோ போய்விட்டார். அந்த ஏப்ரலில் அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு தம்பி. இருபத்தொரு வயது. அவனில்லாமல் அந்த வாசலில் போய் நான் எந்த முகத்தோடு நிற்பது?

அம்மா இறந்தபோது சில்வானோவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. புதைத்துப் பத்து நாள் கழித்துத்தான் செய்தியே வந்தது. அவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் கொட்டடியில் நூற்று நான்கு பேர். மூன்று அடுக்காகப் பலகைகள். கீழடுக்கின் கோடியில் நாங்கள் நால்வர். நான், சில்வானோ, கார்மினே, போர்தோலோ. கார்மினே நேப்பிள்ஸ்காரன், முடிதிருத்துகிறவன். தூக்கத்தில்கூட வாய் ஓயாது. போர்தோலோ வெனிஸ் பக்கத்துப் படகுக்காரர். நாற்பதைத் தாண்டியவர். எங்களுக்கெல்லாம் அண்ணன்.

ஆளுக்கு ஒரு கம்பளிதான். நான்கையும் சேர்த்துப் போர்த்தி, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி, ஒரே பக்கமாகப் படுப்போம். ஒருவன் புரண்டால் நால்வரும் புரள வேண்டும். இல்லையென்றால் கம்பளி விலகிவிடும். அதனால் உடம்பு மரத்துப்போகும் நேரம் பார்த்து போர்தோலோ குரல் கொடுப்பார். "திரும்பு." தூக்கத்திலேயே நால்வரும் திரும்புவோம்.

சுவரோரம் மட்டும் யாரும் படுப்பதில்லை. பலகை இடுக்கு வழியாகப் பனி புகுந்து, சுவர் உள்பக்கமே உறைந்து கிடக்கும். ஓர் ஆள் படுக்கிற அகலம். எப்போதும் காலியாகத்தான் இருந்தது.

நவம்பர் முதல் தேதி. கஞ்சி குடித்து முடித்திருந்தோம்.

"அத்தான், இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?" என்றான் சில்வானோ.

எனக்கு ஞாபகம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அது இறந்தவர்கள் வீடு திரும்பும் இரவு. இரவு முழுக்க மாதா கோயில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் விடியுமுன் எழுந்து, படுக்கைகளை உதறிப் புதிதாக விரித்துவிட்டுக் கோயிலுக்குப் போவோம். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் கொஞ்சம் படுத்து எழட்டும் என்றுதான். அடுப்படியில் அவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீர். பெயர் சொல்லி யாரையும் அழைப்பதில்லை. அவரவர் வீடு அவரவருக்குத் தெரியாதா? விடிந்ததும் கடைசி மணி. அது கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

"அம்மாவுக்கு இங்க ஒரு இடம் போடப் போறேன்" என்றான் சில்வானோ.

கார்மினே துள்ளி உட்கார்ந்தான். சோளக்கூழ் தின்கிற வடக்கத்திக்காரர்கள் என்று எங்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "டேய் சோளக்கூழு! அதெல்லாம் உன் வீட்டுல போடு. இங்க போடாத."

"ஏன்?"

"வீட்டுல போட்டா வீட்டு ஆளு வரும். இது யாரு வீடுடா?"

"அம்மாவுக்கு நான் இருக்கற இடம்தான் வீடு."

கார்மினே ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, மற்றதை மடக்கி, தரையைக் குத்துவதுபோலக் காட்டினான். தீயதை விரட்ட அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். "போர்தோலோ அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இந்த மலைக்காரங்களுக்கு மண்டையில பால்கட்டிதான் இருக்கு."

"விடுப்பா" என்றார் போர்தோலோ. "அவன் ஒரு தடவை அழுதா நல்லதுன்னு நானே காத்துக்கிட்டிருக்கேன்."

நானும் தடுக்கவில்லை. சில்வானோ சுவரோரத்துப் பனியைக் கையால் வழித்து எறிந்தான். தன் கம்பளியை அங்கே சுருக்கமில்லாமல் விரித்தான். அன்றைய ரொட்டியில் பாதியைத் தலைமாட்டில் வைத்தான். பக்கத்தில் தகரக் குவளையில் தண்ணீர். பிறகு எங்கள் மூன்று கம்பளிக்குள் வந்து நுழைந்துகொண்டான்.

காலியிடத்துக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து சில்வானோ.

அன்றிரவு ஒரு சத்தம்தான் கேட்டது. இரண்டு மணிக்குக் காவல் மாறும். பூட்ஸ் சத்தத்தை வைத்துத்தான் எங்களுக்கு நேரம் தெரியும். அந்தச் சத்தம் போய்க் கொஞ்ச நேரத்தில் என் முதுகுப் பக்கத்துப் பலகை லேசாக முனகியது. யாரோ மெல்ல உட்கார்ந்தது போல... பிறகு படுத்தது போல.

குளிரில் பலகை சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ரொட்டி இல்லை. தண்ணீரும் இல்லை. குவளை கவிழ்ந்திருந்தது. உருண்டு விழவில்லை. வாய் கீழே இருக்கும்படி நேராகக் கவிழ்த்து வைத்திருந்தது.

சில்வானோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஏழு மாத அழுகை.

"எலி" என்றான் கார்மினே.

போர்தோலோ குவளை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே சொன்னார். "உள்ள பனி விழாம இருக்க இப்படித்தான் கவுத்து வைப்பாங்க. கூரை இல்லாத இடத்துல படுக்கறவங்க."

அன்று காலை இன்னொன்றும் நடந்தது. இல்லை, நடக்கவில்லை. முகாம் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தினமும் விடியலில் காவலன் சுத்தியலால் அதை அடிப்பான். ஐந்து ஐந்து பேராக வெளியே வரிசையில் நின்று ஆள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அன்று மூடுபனி. பனி மூடினால் தப்பி ஓடிவிடுவோம் என்று யாரையும் வெளியே விடமாட்டார்கள். காவலன் உள்ளே வந்தே எண்ணிவிட்டுப் போவான். தண்டவாளம் அடிக்க மாட்டார்கள்.

வந்தவர்களுக்குப் படுக்கை போட்டிருந்தோம். அவர்களை அனுப்ப மணி இல்லை. இது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மூடுபனி மூன்று நாள் விலகவே இல்லை.

இரண்டாம் இரவு. சில்வானோவின் கம்பளியைத் திரும்ப எடுத்துப் போர்த்திக்கொண்டோம். சுவரோரம் மறுபடி வெறும் பலகை.

ஏதோ ஒரு நேரத்தில் விழித்தேன். என் முதுகோடு ஒருவன் ஒட்டிப் படுத்திருந்தான். அவன் முழங்கால்கள் என் முழங்கால் மடிப்புக்குள் சரியாகப் பொருந்தியிருந்தன. நாங்கள் தினமும் படுப்பது போலவே. எலும்பும் தோலுமான உடம்பு. ஐஸ் போல இருந்தது.

சில்வானோ என்னைத் தாண்டிச் சுவரோரம் போய்விட்டான் என்று நினைத்தேன்.

"டேய், உள்ள வாடா. அங்க படுத்தா செத்துருவ."

"நான் இங்கதான் இருக்கேன் அத்தான்."

பதில் எனக்கு முன்னாலிருந்து வந்தது. என் கை அவன் தோள்மேல்தான் கிடந்தது.

நான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. முதுகில் இருந்ததும் மூச்சு விடவில்லை.

அப்போது குரல் வந்தது. திரும்பு.

நால்வரும் திரும்பினோம். பழக்கம். உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. இப்போது என் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் மூக்கு நுனியில் குளிர் மட்டும் பட்டது... பட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் போர்தோலோ பேச முயன்றார். காற்றுதான் வந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றார் கிசுகிசுப்பாக. "சாயங்காலத்துலேருந்தே குரல் இல்ல."

"ராத்திரி திரும்பச் சொன்னீங்களே அண்ணே?" என்றேன்.

"நானா?"

கார்மினே முகம் வெளுத்தது. "எனக்கும் கேட்டுச்சு. ஆனா... நம்ம மொழியில கேட்கல. என்ன சொல்லுச்சுன்னு தெரியல. திரும்பணும்னு மட்டும் புரிஞ்சுது."

சில்வானோ ஒருவன்தான் சிரித்தான். பிடிபட்ட நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அம்மாதான்" என்றான். "போக மனசில்லாம இருக்கா."

அன்றும் ரொட்டியில் பாதியைச் சுவரோரம் வைத்தான். ஒரு ரொட்டியை ஏழு பேர் பங்கு போட்ட இடம் அது. அந்தப் பாதி, உயிரில் பாதி. திட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். "அம்மா எத்தனை நாள் தான் தின்னாம எங்களுக்குக் குடுத்திருக்கா, தெரியுமா அத்தான்?" என்றான்.

மூன்றாம் இரவு, அவனை எனக்கும் கார்மினேவுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தேன். விடியலில் என் கைக்குள் அவன் இல்லை. சுவரோரம் கிடந்தான். உதடு நீலம். கன்னத்தில் மெல்லிய பனிப்படலம். முகத்தில் மட்டும் பச்சைக் குழந்தை தூங்குகிற மாதிரி ஓர் அமைதி.

மூவரும் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து எழுப்பினோம்.

"ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறா அத்தான்" என்றான். நாக்குக் குழறியது. "ரெண்டு விரல் இல்ல, பாவம். சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும்."

அவன் கையை இன்னும் வேகமாகத் தேய்த்தேன். "அத்தைக்குப் பத்து விரலும் இருந்துதேடா."

"குளிர்ல போயிருக்கும். எவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கா."

அன்று அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. எண்ண வந்த காவலன் அவனை மருத்துவக் கொட்டடிக்கு அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. இன்னும் ஓர் இரவு சுவரோரம் போனால் இவன் தங்க மாட்டான். அது எனக்கும் தெரிந்தது. போர்தோலோவுக்கும் தெரிந்தது. அவர் சில்வானோவின் காலைத் தன் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

கார்மினே என்னை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"உங்க ஊர்ல வந்தவங்களை எப்படிடா திருப்பி அனுப்புவீங்க?"

"விடிஞ்சதும் மணி அடிப்பாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று நாளாகத் தண்டவாளம் அடிக்கவில்லை.

"அட பாவிகளா!" என்றான் கார்மினே. "விருந்துக்குக் கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்திட்டீங்களா?"

தண்டவாளம் வாசலில் தொங்கியது. இரவில் எங்கள் கதவு வெளியே தாழிடப்பட்டிருக்கும். உள்ளே இருந்தது காலிக் கஞ்சிப் பீப்பாய் ஒன்று. அடுப்பு கிளறும் இரும்புக் கம்பி ஒன்று.

"இதை அடிச்சா?" என்றான்.

"சத்தம் கேட்டா சுடுவாங்க."

"உன் மச்சான் எப்படியும் சாகப் போறான். நாமளும் துணைக்குப் போவோம், என்ன இப்ப?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "சும்மா சொன்னேண்டா. சுட மாட்டான். அடிப்பான். அவ்ளோதான்."

நான்காம் இரவு. சுவரோரம் நானே படுத்தேன். சில்வானோவைப் போர்தோலோ பக்கம் தள்ளினோம். கார்மினே கம்பியோடு பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் குரல் கொடுத்ததும் அவன் அடிக்க வேண்டும்.

பத்து மணிக் காவல் மாறியது. பன்னிரண்டு. இரண்டு.

உறைந்த சுவர் என் முதுகில் ஒட்டியது. சட்டை பலகையோடு பிடித்துக்கொண்டது. எனக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கத்தி நுழையக்கூட இடமில்லை.

நான்கு மணிக் காவல் மாறியது. பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

பலகை முனகியது.

என் கால்மாட்டில்.

ஏதோ மேலே ஏறி வந்தது. கனம் இல்லை. என் காலில், தொடையில், மார்பில்... குளிர் மட்டும் நகர்ந்து வந்தது.

முகத்துக்கு நேரே நின்றது.

ஒரு கை என் நெற்றியைத் தொட்டது. தடவியது. குருடர்கள் ஆளைத் தெரிந்துகொள்ளத் தடவுவார்களே, அப்படி. கண்... மூக்கு... கன்னம்.

எண்ணினேன். மூன்று விரல்.

தாடியில் வந்து கை நின்றது. சில்வானோவுக்குத் தாடி அடர்த்தியில்லை.

இவன் இல்லை.

கை விலகியது. குளிர் என்னைத் தாண்டிப் போனது.

எனக்குக் கத்த வரவில்லை. வாய் திறந்தது. சத்தம் இல்லை.

இருட்டில் சில்வானோவின் குரல். "வந்துட்டியா?"

அப்போதுதான் கத்தினேன்.

டம்!

டம்! டம்! டம்!

கொட்டடி முழுக்க எழுந்தது. "எவன்டா அவன்?" "பைத்தியமா பிடிச்சிருக்கு?" யாரோ பூட்ஸை எறிந்தார்கள். கார்மினே அழுதுகொண்டே அடித்தான். அடுப்பின் சிவப்பு வெளிச்சத்தில் சில்வானோ எழுந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கையை இருட்டுக்குள் நீட்டியிருந்தான். அந்தக் கை இறங்கவே இல்லை. பீப்பாய்ச் சத்தம் அதற்கு மணியாகப் படவில்லை.

கதவு படாரென்று திறந்தது. நாய்கள். டார்ச் வெளிச்சம். "எல்லாரும் வெளியே!"

வெளியே மூடுபனி விலகிவிட்டிருந்தது. பனி விழுந்து தரை வெள்ளையாக இருந்தது. ஐந்து ஐந்தாக நின்றோம். நூற்று நான்கு பேர் என்பதால் எங்கள் கடைசி வரிசையில் எப்போதும் நால்வர்தான். நான், கார்மினே, போர்தோலோ. போர்தோலோ கைத்தாங்கலாகப் பிடித்திருந்த சில்வானோ கோடியில்.

எண்ணியவன் ஒரு வயதான காவலன். பருத்த முகத்துக்காகக் கார்மினே அவனுக்குப் பூசணி என்று பெயர் வைத்திருந்தான். வரிசை வரிசையாக விரலால் சுட்டிக்கொண்டே வந்தான்.

"நூற்றைந்து" என்றான்.

தலையை உதறிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தான்.

"நூற்றைந்து."

மூன்றாம் முறை எங்கள் வரிசைக்கு எதிரே வந்து நின்றான். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக் கால்களை எண்ணினான். வெளிச்சம் நகர்ந்தது. என் பூட்ஸ். கார்மினேவின் மரக்கட்டைச் செருப்பு. போர்தோலோ. சில்வானோ...

வெளிச்சம் அங்கே நிற்கவில்லை.

இன்னும் ஒரு ஜோடி.

சாக்குத் துணி சுற்றிய இரண்டு பாதங்கள். அவற்றின்மேல் விழுந்த பனி உருகவில்லை.

டார்ச் மெல்ல மேலே ஏறியது. நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. காவலனின் முகத்தைத்தான் பார்த்தேன். அது போதும்.

அவன் உதடு மட்டும் அசைந்தது. ஐந்து.

திரும்பினான். ஓடவில்லை. ஒவ்வோர் அடியாக வைத்து வாசலுக்குப் போனான். சுத்தியலை அவனே எடுத்தான்.

டங்.

தண்டவாளத்தின் ஓசை அந்தக் குளிர் காற்றில் எங்கெங்கோ போனது.

டங். டங்.

"அம்மா, இரு..." என்றான் சில்வானோ.

யாரோ விட்டுவிட்டது போல அவன் கை தொப்பென்று விழுந்தது. அவனும் விழுந்தான்.

மறுபடி எண்ணினார்கள். நூற்று நான்கு.

சில்வானோ நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பனியில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. நின்ற தடம். வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

அந்தக் கலாட்டாவுக்கு யாருக்கும் தண்டனை இல்லை. பூசணி மேலதிகாரிகளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு எங்கள் கொட்டடியை அவன் எண்ணியதும் இல்லை.

சில்வானோவுக்குக் காய்ச்சல் வாரக்கணக்கில் அடித்தது. கார்மினே ஊர்ப்பட்டவனுக்கெல்லாம் முடிவெட்டி உருளைக்கிழங்கு சம்பாதித்து வந்தான். போர்தோலோ தன் திருமண மோதிரத்தைக் கொடுத்துப் பால் வாங்கினார். பிழைத்துக்கொண்டான். ஆனால் கிறிஸ்துமஸ்வரை என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏன் அத்தான் அம்மாவை விரட்டினீங்க?"

அது அவள் இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? வாங்கிக்கொண்டேன்.

மார்ச்சில் கூரையைச் செப்பனிட ஒரு போலந்துத் தச்சர் வந்தார். அவருக்கு ஆணி எடுத்துக் கொடுக்க என்னை நிறுத்தினார்கள். எங்கள் மூலையைக் காட்டி, யார் அங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார். தெரிந்த ஜெர்மன் சொற்களைக் கோத்து மெதுவாகச் சொன்னார்.

எங்களுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள் ரஷ்யக் கைதிகள். முதலில் அவர்களுக்குக் கூரையே இல்லையாம். திறந்த வெளியில் மண்ணைத் தோண்டிப் படுத்திருக்கிறார்கள். பிறகு இந்தக் கொட்டடி. பிறகு விஷக்காய்ச்சல் வந்து கதவைப் பூட்டிவிட்டார்கள். திறந்தபோது பிணங்களைத் தூக்கிப்போட அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"அந்தச் சுவரோரம் ஒரு பையன்" என்றார். "மீசைகூட முளைக்கல. பக்கத்துல செத்துக் கிடந்தவன் கையைப் பிடிச்சிருந்தான். அவன் செத்து எத்தனை நாளோ, பையனுக்குத் தெரியல போல. எங்களால கையைப் பிரிக்க முடியல. அப்படியே சேர்த்துப் புதைச்சோம்."

"பையன் கையில..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் மடக்கியிருந்தார்.

இதை நான் சில்வானோவிடம் சொல்லவில்லை. அம்மாதான் வந்தாள் என்ற நினைப்பில் அவனுக்கு ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு எதை வைப்பேன்?

போர்தோலோ மறு குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மற்ற மூவரும் 1945 செப்டம்பரில் ஊர் திரும்பினோம். நினைத்தபடி அந்த வாசலில் இரண்டு பேராக நின்றேன். எல்வீரா என்னை விட்டுவிட்டுத் தம்பியைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அன்று மேசையில் சூடான சோளக்கூழ், நெய்யில் பொரித்த பால்கட்டி. எல்வீரா பேசிக்கொண்டே பரிமாறினாள்.

"அம்மா போனாளே, அந்த வருஷம் நீங்க ரெண்டு பேருமே இல்லையா, படுக்கை போடவே எனக்குக் கை வரல. ஆனாலும் போட்டேன். கோயிலுக்குப் போய்ட்டு வந்து பாத்தா, தலையணையில குழி! அவ எப்பவும் இடது பக்கம் ஒருக்களிச்சுத்தானே படுப்பா? அதே மாதிரி. வாளியில ஒரு சொம்புத் தண்ணி குறைஞ்சிருந்துது. அந்த வீடே அம்மா வாசனை. ராத்திரி பூரா இங்கதான்டா இருந்திருக்கா."

சில்வானோவின் கரண்டி பாதியில் நின்றது.

"எந்த வருஷம்க்கா?"

"நாப்பத்திமூணு. நவம்பர் ஒண்ணு. ஏன்டா, முகம் இப்படிப் போவுது?"

அவன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அத்தான், உங்களுக்குத் தெரியும். இல்ல?"

தொழுவத்தில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திடுக்கிடுவான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"மீசைகூட முளைக்கலையாமா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"பேரு?"

"தெரியலடா."

அவ்வளவுதான் பேச்சு.

அந்த நவம்பர் முதல் தேதி இரவு, விடியுமுன் எழுந்து அவனே அம்மாவின் படுக்கையை விரித்தான். பிறகு தன் கட்டிலையும் உதறி, சுவரோரம் நகர்த்தி, வீட்டிலேயே தடிமனான கம்பளியை எடுத்துப் போட்டான். எல்வீரா யாருக்கு என்று கேட்டாள். "ஒரு தெரிஞ்ச பையன்" என்றான். கோயிலுக்கு வரவில்லை, கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டான்.

நாங்கள் திரும்பி வந்தபோது இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. அம்மாவின் தலையணையில் குழி. எல்வீரா அதைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அடுத்த அறைக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் சில்வானோ உட்கார்ந்திருந்தான். கம்பளி மேடிட்டிருக்கவில்லை. தட்டையாகத்தான் இருந்தது. அதன் விளிம்பைத் தொட்டேன். ஈரம். பனி உருகிய ஈரம். எங்கள் பக்கத்தில் அந்த வருடம் இன்னும் பனியே விழவில்லை.

சில்வானோவின் வலது கை கம்பளிக்குள் இருந்தது. பற்கள் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தான். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க அத்தான்" என்றான். "இப்பதான் தூங்கினான்."